கரண்ட் மாரியம்மனும் பேட்டரி பஸ் டிப்போவும்

கும்மிடிப்பூண்டி,
சனிக்கிழமை.

மதிப்பும் மரியாதையும் கலந்த மச்சான் சாம்சன் அவர்களுக்கு, உங்கள் தங்கை கிரேஸின் கணவன் எபினேசர் கைகூப்பி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத மட்டும் பேனா வரமாட்டேன் என்கிறது. அங்கே திருவள்ளூரில் விக்டோரியா அக்காவின் முழங்கால் வலியும் உங்கள் சர்க்கரையும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் பேசினால் கிரேஸ் காதில் விழும். வாட்ஸப்பில் அனுப்பினால், போன தடவை என் மூலவியாதி மாத்திரைச் சீட்டு குடும்பக் குரூப்புக்குப் போய் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்களே, அந்தக் கதிதான். ஆகவே படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் ஒரு வேப்பமரம். அதை வேரோடு பெயர்த்து ரோட்டோரம் நட்டுவிட, மரத்துக்கெல்லாம் அனுமதி கொடுக்கும் உங்கள் ஆபீஸிலிருந்து அவசரமாக ஒரு ஆர்டர் வேண்டும். இல்லாவிட்டால் நம் பெண் மோனிகாவின் வேலை அம்போ.

இரும்புக் கம்பெனியில் ரிட்டயர் ஆன பிறகு நான் சும்மா இருக்கமாட்டாமல் பேட்டரி பஸ் டிப்போ கட்டும் இடத்தில் சூப்பர்வைசராகச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். கூரை முழுக்க சோலார், மழைத்தண்ணிக்குக் குளம், பஸ் கழுவிய தண்ணியிலேயே மறுபடி பஸ் கழுவுவது, புகை கூடாது, சத்தம் கூடாது. இதற்கெல்லாம் பசுமைச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்களாம். அது வந்தால்தான் டிப்போ திறப்பு. டிப்போ திறந்தால்தான் மோனிகாவுக்கு டிரைவர் வேலை. பெண்ணோ ஆர்டர் கைக்கு வந்த அன்றே பழைய கம்பெனிக்குப் போய் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு, காக்கிச்சட்டை தைத்து, அதை தினமும் இஸ்திரி போட்டு மாட்டி வைத்துக் காத்திருக்கிறாள்.

எங்கள் இன்ஜினியர் பார்த்திபன் நல்ல பையன்தான். ஆனால் முதல் நாளே சார்ஜ் ஷெட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் நிற்கும் அந்த வேப்பமரத்தைக் காட்டி, "சார், இந்த மரம் போச்சுன்னா சர்டிபிகேட் போச்சு. இதுக்கு நீங்கதான் பொறுப்பு" என்று என் தலையில் கட்டிவிட்டான். நம்ம ஜனத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? காலையில் வேலைக்கு வருகிறவனெல்லாம் பல் விளக்க ஒரு குச்சி ஒடிப்பான். சாயங்காலம் ஆட்டுக்கென்று ஒருத்தி கிளையை இழுப்பாள். சுற்றி வேலி போட்டேன், வேலியைப் பிடுங்கி வெந்நீர் போட்டார்கள். 'மரத்தைத் தொடாதீர்' என்று போர்டு வைத்தேன், போர்டைப் படுக்கப்போட்டு அதன்மேல் நாஷ்டா தின்றார்கள். ஜேசிபி ஓட்டும் பென்னி வேறு, "இது இன்னா சார் பேஜாரு, ரிவர்ஸ் எடுக்கசொல்ல குறுக்கால நிக்குது, ஒரு தட்டு தட்டிட்டா முடிஞ்சிடும்" என்று தினமும் கேட்டுக்கினே இருந்தான்.

நான் என்ன செய்வேன்? நம்ம ஊரில் போர்டு வைத்தால் எவனும் மதிக்கமாட்டான், மஞ்சள் துணி கட்டினால் செருப்பைக் கழற்றுவான். காம்பவுண்டுச் சுவரில் சாமிப் படம் போட்ட டைல்ஸ் பதிக்கிறார்களே, அதே டெக்னிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வரும் வழியில் மஞ்சள் குங்குமம் வாங்கிப்போய் மரத்துக்குப் பூசி, ஊட்டிலிருந்து கொண்டுபோன ஒரு பழைய மஞ்சள் புடவையைக் கிழித்துச் சுற்றிவிட்டு வந்தேன். ஞானஸ்நானம் வாங்கியவன் செய்கிற வேலையா என்று திட்டாதீர்கள். மரத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன்.

மறுநாள் பென்னி ஜேசிபியை நிறுத்தி, இறங்கி, கும்பிட்டுவிட்டுப் போனான். அப்பாடா என்று இருந்தேன். அன்றைக்கே பக்கத்து ஊர் கங்கம்மாவின் காணாமல்போன ஆடு அந்த மரத்தடியில் படுத்துக்கினு இருந்திருக்கிறது. வேப்பிலை தின்ன வந்த ஆடு வேறெங்கே படுக்கும்? ஆனால் கங்கம்மாவுக்கு அங்கேயே அருள் வந்துவிட்டது. "நான்தாண்டா கரண்ட் மாரி! எனுக்கு வேர்க்குது, ஃபேன் போடுங்கடா!" என்று ஆடினாள். போட்டார்கள் மச்சான். சார்ஜ் ஷெட்டிலிருந்து ஒயர் இழுத்து மரத்துக்கு ஃபேன் போட்டார்கள். அதற்கப்புறம் வேண்டிக்கொண்டவர்களெல்லாம் ஆளுக்கொரு புடவை சுற்றிச் சுற்றி, இப்போது மரம் என் இடுப்பைப்போல் மூன்று இடுப்பு இருக்கிறது.

வெள்ளோட்டத்துக்கு ரெண்டு பஸ் வந்தது. எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஷெட்டுக்குள் விடமாட்டோம் என்றார்கள். அப்புறம் மரத்தை மூன்று சுற்று சுற்றவேண்டும் என்றார்கள். பார்த்திபன், "ஒரு சார்ஜுக்கு எவ்ளோ தூரம் ஓடுதுன்னு கணக்கு எடுக்கணும் சார், இது சாமியைச் சுத்தியே தீர்ந்துடும் போலகீது" என்று தலையில் கைவைத்தான். ஆடி வந்ததும் கூழ் ஊற்றக் கிளம்பினார்கள். விறகு அடுப்பு கூடாது, புகை வந்தால் சான்றிதழ் போகும் என்று நான் கங்கம்மா காலில் விழாத குறை. "அதுக்கின்னா நைனா, கரண்ட் அடுப்புல ஊத்திக்கினா போச்சு" என்றாள். பஸ் சார்ஜ் போடும் லைனில் பத்து கரண்ட் அடுப்பு சொருகினார்கள். கூழ் கொதித்தது, பஸ் ரெண்டும் படுத்துவிட்டது, ஊரே ஏப்பம் விட்டது.

நம்ம ஸ்டீபன் பாஸ்டர் போன ஞாயிறு, "நம்மில் ஒருவர் வேலை செய்யும் இடத்தில் விக்கிரகம் எழும்பியிருக்கிறது" என்று என்னைப் பார்த்தே பிரசங்கம் செய்தார். செய்துவிட்டு வெளியே வந்து, "என் பேட்டரி ஸ்கூட்டரை உங்க டிப்போவில் சார்ஜ் போட முடியுமா பிரதர்?" என்று கேட்டார். கிரேஸோ, மரத்தில் துணி கட்டின பாவி யாரோ அவன் மனந்திரும்பவேண்டும் என்று இராத்திரி ஜெபத்தில் தினமும் சேர்த்துக்கொள்கிறாள். நான் பக்கத்திலேயே முழங்கால் போட்டு ஆமென் சொல்கிறேன். எவ்வளவு நாளைக்கு மச்சான்?

வரும் வெள்ளிக்கிழமை சான்றிதழ் அதிகாரி திலகவதி மேடம் நேரில் வருகிறார். வெள்ளிக்கிழமைதான் கூட்டமும் அதிகம். புகையும் சாம்பிராணியும் மைக் செட்டும் பார்த்தால் அவர் காரை விட்டே இறங்கமாட்டார். மரத்தை வெட்டினால்தான் சான்றிதழ் போகும், ஆர்டரோடு பெயர்த்து நட்டால் போகாதாம். ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன், எப்படியாவது அந்த மரத்தை அப்புறப்படுத்த வழிசெய்யுங்கள். அக்காவுக்கு என் ஸ்தோத்திரங்கள். பிள்ளைகளின் கையின் பிரயாசம் வாய்க்கட்டும், உங்கள் ஊட்டுப் பானையில் மா குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்டுப்போன மைத்துனன்,
எபினேசர்.

பி.கு.: ஸ்டாம்பு ஒட்ட மறந்து இந்தக் கடிதம் ஒரு வாரமாக என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மரத்தைத் தொடவேண்டாம். தொட்டால் நான் மனிதனாக இருக்கமாட்டேன். நேற்று மேடம் வந்தார்கள். பார்த்திபன் அவரை பஸ்ஸில் உட்காரவைத்து, ஷெட்டுக்குப் பக்கத்துச் சரிவில் தானே ஓட்டிக் காட்டினான். சோலாரைக் காட்டக் கீழே இறங்கினான். சத்தம் இல்லையே, ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டான். பிரேக்கும் போடவில்லை. மேடத்தோடு பஸ் நைசாகக் குளத்தைப் பார்த்துக் கிளம்பியது. ஒரு சத்தம் இல்லை. கங்கம்மாதான் பார்த்து, "ஐயையோ, பஸ்ஸு போவுதுடா!" என்று கத்தினாள். நேராகப் போய் மரத்தில் முட்டியது. அத்தனை புடவை சுற்றியிருந்ததால் பஸ்ஸிலும் கீறல் இல்லை, மரத்திலும் காயம் இல்லை, மேடத்துக்கும் ஒன்றும் இல்லை. இறங்கி வந்து மரத்தை ரொம்ப நேரம் பார்த்தார். 'ஊர் மக்களே முன்னின்று மரத்தைப் பாதுகாக்கும் முறை மிகச் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பார்த்திபன் இப்போது மாலை போட்டிருக்கிறான்.

மரத்தோடு ஒட்டி நின்ற பஸ்ஸைப் பின்னால் எடுக்க ஒருத்தனுக்கும் தைரியம் வரவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக வந்திருந்த மோனிகா, "தள்ளு டாடி" என்று ஏறினாள். ஒரு இலை உதிராமல் எடுத்தாள். அப்படியே டிப்போ கேட் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தாள். பொம்பளைங்க எல்லாரும் விசில் அடித்தார்கள். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி. திங்கட்கிழமை டிப்போ திறப்பு, குடும்பத்தோடு வந்துவிடவும்.

கிரேஸும் வந்திருந்தாள். பெண்ணைப் பார்த்து அழுதுக்கினு இருந்தவள், அழுகையை நிறுத்தி மரத்துக்குப் பக்கத்தில் போனாள். பஸ் முட்டியதில் மேல் புடவையெல்லாம் விலகி, அடியில் நான் சுற்றிய மஞ்சள் புடவை தெரிந்தது. கையால் தடவிப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குளத்தைப் பார்த்தேன்.

"கிழிச்சதுதான் கிழிச்சியே," என்றாள், "முந்தானை வெளியில தெரியறா மாதிரி கட்டக்கூடாதா? அந்தப் புடவைக்கே அதான்யா அழகு."