சாதிக் பாய்க்கு அஞ்சலி

உயிரோடு இருப்பவர்களை வைத்து நாவல் எழுதலாம், தப்பில்லை. வெளியீட்டு விழாவுக்கு அவர்கள் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் திருவிடைமருதூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து போனவன் நான். மஸ்கட் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் கற்பித்தேன். அறைத்தோழர் அதிராம்பட்டினத்து சாதிக் பாய்க்குத் துணிக்கடையில் வேலை. நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த மனிதர். ஊர் திரும்பி எழுதிய நாவலில் அவரை ஒரு நர்ஸைக் காதலிக்க வைத்து, கடைசி அத்தியாயத்தில் பாலைவனத்தில் சாகடித்தேன். (பெயரைக்கூட மாற்றவில்லை. சோம்பேறித்தனத்தை யதார்த்தவாதம் என்று நம்பிய வயது.) போதாக்குறைக்கு, 'ஒரு வரிகூடக் கற்பனை இல்லை' என்று பின்னட்டையில் கதைச்சுருக்கத்துக்குக் கீழே வேறு போட்டுக்கொண்டேன்.

தஞ்சாவூரில் விழா. கைதட்டல் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "என் சாதிக் இன்று நம்மிடையே இல்லை" என்றேன், குரல் தழுதழுக்க. தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் உருகிப்போய், "எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்" என்றார்.

கூட்டம் எழுந்தது. கடைசி வரிசையில், அப்போதுதான் மனைவியோடு உள்ளே நுழைந்த சாதிக் பாயும், கையில் அல்வாப் பெட்டியோடு தலைகுனிந்து நின்றார்.

மௌனம் முடிந்ததும் பதறிப்போய் மேடைக்கு வந்தார். "லீவுல வந்தேன் சார், விழான்னு கேள்விப்பட்டு ஓடியாந்தேன். யாரு சார் மௌத்து?"

"நீங்கதாங்க" என்றார் அவர் மனைவி. வாசலில் வாங்கிய நாவலின் பின்னட்டையைப் படித்திருந்தார்.

அரங்கம் சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "அது கிடக்கட்டும். இந்த நர்ஸு யாரு?"

"கற்பனைம்மா" என்றேன். மைக் அணைக்கப்படவில்லை.

"ஒரு வரிகூடக் கற்பனை இல்லைன்னு போட்டிருக்கீங்களே சார்?"

சாதிக் பாயின் முகம் வெளுத்தது. எனக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்த மனிதர், என்னால் ஊர் நடுவே மனைவிமுன் குற்றவாளியாக நின்றார். வாசகர்கள், பதிப்பாளர் எல்லாரும் கேட்க, மைக்கிலேயே சொன்னேன்: "அட்டையில இருக்கறதுதாம்மா பொய். நான் புளுகிட்டேன். இவரு கடைய விட்டா ரூமு. வெள்ளிக்கிழமையானா உங்களுக்குப் போன் பேச வரிசையில நிப்பாரு. நர்ஸுகிட்ட போனதே நான்தான், ஊசி போட்டுக்க."

அந்த அம்மாள் முகம் தெளிந்தது. முதல் வரிசையில் என் மனைவி மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அல்வாவைக் கொடுத்துவிட்டுத்தான் போனார் சாதிக் பாய். அன்று அதை என்னால் விழுங்க முடியவில்லை. இன்றும் அவர் போன் செய்தால், "மௌத்தான சாதிக் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். என் மனைவி ரிசீவரை நீட்டியபடி, பிள்ளைகள் காதில் விழும்படி சொல்வாள்:

"நர்ஸு இல்லங்க, பாய்தான்."