நாற்பதாயிரத்து முன்னூற்று இருபது வழிகள்

“அவ பக்கத்துல உக்கார்றதுக்கு, இங்கேர்ந்து கைரவானுக்கு நடந்தே போயிடுவேன்!” என்றாள் ஸுஹைரா.

“நடயேன், யாரு வேண்டாம்னா?” என்றாள் அவள் ஓரகத்தி நஜீபா.

பெருநாளன்று ஸுஹைரா செய்த குஸ்குஸை நஜீபா ‘கஞ்சி’ என்று சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இன்று ஸ்ஃபாக்ஸ் ஊர் வேன் நிலையத்தில் ஒரே வேனில் ஏறித் தொலைத்துவிட்டார்கள்.

லஸ்அத் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்பது. பன்னிரண்டுக்குக் கைரவானில் பெண் வீட்டில் பாத்திஹா ஓதி அவனுக்கும் ரீமுக்கும் நிச்சயம். ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகப் போனவன். இந்த முறையும் தாமதித்தால் ரீமை மறந்துவிடலாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

எட்டுப் பயணிகள் சேர்ந்தால்தான் வேன் கிளம்பும். எண்ணிப் பார்த்தான். தன்னையும் சேர்த்து எட்டுத் தலை. ஓட்டுநர் இருக்கை மட்டும் காலி. காபி குடிக்கப் போயிருப்பான், அதற்குள் இவர்களை உட்கார வைத்துவிட வேண்டும்.

லஸ்அத் மேல்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். வாய் சும்மா இருக்குமா?

“எல்லாரும் கேளுங்க! முன்னால ரெண்டு, நடுவுல மூணு, பின்னால மூணு. இவங்க ரெண்டு பேருக்கும் எட்டுல ரெண்டு இடம் எடுத்தா இருபத்தெட்டு சேர்மானம். அதுல ஒரே வரிசையில வர்றது ஏழே ஏழு. நிகழ்தகவு நாலுல ஒண்ணு. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தாலே முக்கால்வாசி சண்டை வராது!”

இறங்கி, இஷ்டப்படி ஏறி உட்கார்ந்தார்கள். ஓரகத்திகள் இருவரும் நடுவரிசையில் தோளோடு தோள்.

“அந்த நாலுல ஒண்ணு இதுதான்,” என்றான் லஸ்அத், குரல் இறங்கி.

ஸுஹைராவை முன்னால் அனுப்பினான். “ராணியம்மாவுக்கு மட்டும் முன் சீட்டோ?” என்று நஜீபா கொதித்தாள். நஜீபாவைப் பின்னால் அனுப்பினான். அங்கே மப்ரூக் பெரியவரின் கருவாட்டு மூட்டை. மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினாள். மூட்டையோடு பெரியவரை முன்னால் மாற்றினால் ஸுஹைராவுக்குக் குமட்டல்.

நடுவில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த குண்டு மனிதர் எட்டிப் பார்த்தார். “வாத்தியாரே, ஒரு நிமிஷம், நான் வந்து...”

“பேசாதீங்க ஐயா! கணக்கு குழம்பும். நீங்க பின்வரிசை மூலை!”

கணக்கு வாத்தியார் அதட்டினால் எந்த வயதிலும் வாய் மூடிக்கொள்ளும். அவர் மூலைக்குப் போனார்.

அப்போது பெட்டியும் கையுமாக ஒருவன் ஓடி வந்தான். “கைரவானுக்கு ஒரு இடம் இருக்குமா?”

“இருக்கிறவங்களையே உக்கார வைக்க முடியல! அடுத்த வண்டிக்குப் போப்பா!”

“ஐயையோ வாத்தியாரே, அவர்...” என்றார் மூலைக்காரர்.

“உஷ்!”

பெட்டிக்காரன் அடுத்த வேனில் ஏறினான். அது உடனே ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிப் போயிற்று. லஸ்அத் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

“எல்லாரும் மறுபடி இறங்குங்க! எட்டுப் பேர் எட்டு இடத்துல உக்கார நாப்பதாயிரத்து முன்னூத்தி இருபது வழி இருக்கு. அதுல ஒண்ணுகூடவா சரியா வராது?”

வந்தது! ஸுஹைரா முன்னால், நஜீபா பின்னால் ஜன்னலோரம், மூட்டை வேன் கூரையில். யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

“வாத்தியார்னா இவருதான் வாத்தியார்!” என்றார் மப்ரூக்.

மணி ஒன்பதே முக்கால். இரண்டு மணி நேரப் பயணம்தான், இப்போது கிளம்பினாலும் ரீம் கிடைத்துவிடுவாள். லஸ்அத்துக்கு உள்ளம் துள்ளியது. ஐந்து நிமிடம் போயிற்று. வண்டி அசையவில்லை.

“அந்த டிரைவர் எங்கே தொலைஞ்சான்?” என்று கத்தினான்.

“பொறுப்பத்தவன்!” என்றாள் ஸுஹைரா.

“சரியாச் சொன்னேடி!” என்றாள் நஜீபா.

பின்வரிசை மூலையில், பள்ளிப் பிள்ளை மாதிரி ஒரு கை மெல்ல உயர்ந்தது.

“இப்பவாவது பேசலாமா வாத்தியாரே?”

“சொல்லித் தொலைங்க!”

“டிரைவர் நான்தான். எட்டாவது பயணியைத்தான் நீங்க அடுத்த வண்டிக்கு அனுப்பிட்டீங்க.”