ஏரியும் வேணும், குழாயும் வேணும்

நியாயக்காரர் என்றோர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். எந்தக் கூட்டத்திலும் முதல் வரிசையில் உட்கார்ந்து, "ரெண்டே வார்த்தை பேசிடுறேன்" என்று எழுந்து, முக்கால் மணி நேரம் கழித்து, பாதியில் நிறுத்திவிட்டார்களே என்ற முகத்தோடு உட்காருகிறாரே, அவரேதான்.

நம் நியாயக்காரர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். தினமும் காலையில் காரைக் குளிப்பாட்டுவார். காருக்குப் பிறகு வாசல். வாசலுக்குப் பிறகு, கையில் குழாய் இருக்கிறதே என்று, தெரு. இந்த வருடம் கோடையில் அந்தக் குழாய் இருமத் தொடங்கியது. விடுவாரா மனிதர்? குடிநீர் அலுவலகத்துக்கு மூன்று பக்க மனு. "தேசியப் பூங்கா ஏரியில் தண்ணீர் சும்மா கிடக்கிறது. நாலு பேர் படகில் போய்க் கை தட்டுவதற்கா அது? நகரத்துக்குத் திருப்பிவிடுக!" தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கினார்.

திருப்பிவிட்டார்கள். கார் பளபளத்தது.

அடுத்த மாதம் வெளியூரிலிருந்து மச்சான் குடும்பம் வந்தது. "ஏரின்னா அது ஏரி! கடல் தோத்துடும்" என்று வழியெல்லாம் அளந்துகொண்டே எல்லோரையும் அதே பூங்காவுக்கு அழைத்துப் போனார். படகுத்துறைப் பலகை முடிந்த இடத்தில் சேறு தொடங்கியது. அது போய்க்கொண்டே இருந்தது. கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து படகுக்காரர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"படகு எடுத்து இருபத்தாறு நாளாச்சு சார். பிள்ளைங்கள மாமியார் வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அநியாயமா இருக்கே! யாரு இவ்ளோ தண்ணியையும் குடிச்சுத் தீத்தது?"

"யாரோ பெரிய மனுஷன் மனுப் போட்டாராம் சார்."

நியாயக்காரரின் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது. மச்சான் வானத்தைப் பார்த்தார்.

மானம் போகிறதே என்று, "தண்ணி அதோ கிட்டதான் இருக்கு" என்று சேற்றில் இறங்கினார் நியாயக்காரர். ஆறாவது அடியில் முழங்கால்வரை புதைந்தார். படகுக்காரர்தான் கயிறு வீசி இழுத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

வீடு திரும்பியதும் காலைக்கூடச் சரியாகக் கழுவாமல் பூங்கா அலுவலகத்துக்கு அடுத்த மனு எழுதினார். இது ஐந்து பக்கம். "பொதுமக்களின் ஏரியை நகரத்தார் உறிஞ்சுவதா?"

இரண்டு அலுவலகங்களும் சேர்ந்து நடத்திய விசாரணை நாளில் அதிகாரி அம்மா இரண்டு மனுக்களையும் அருகருகே வைத்தார்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. எதை எடுத்துக்கட்டும்?"

"ரெண்டையும்தான் மேடம்! ஒரு சமநிலை வேணும்ல?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். படகுக்காரர் சிரிக்கவில்லை; அவர் முறை வந்தபோது, "பாதி விடுங்கம்மா" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். இரண்டே வார்த்தை பேசுவது எப்படி என்று நியாயக்காரர் அன்றுதான் பார்த்தார்.

அப்படியே தீர்ப்பானது. நகரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். ஏரியில் படகு மிதக்கும் அளவு தண்ணீர். படகுக்காரர் பிள்ளைகளை அழைத்துவரப் போய்விட்டார். நியாயக்காரர் வெறுங்குழாயைப் பிடித்தபடி வாசலில் நின்று, மூன்றாவது மனுவை யாருக்கு அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எதிர்வீட்டுக்காரர் முகம் ஞாபகம் வந்திருக்கும். வரட்டும். எதிர்வீட்டுக்காரரும் இதைப் படித்தால் அவருக்கு யார் முகம் ஞாபகம் வரும் என்று மட்டும் போய்க் கேட்டுவிடாதீர்கள்.