கெண்டைக்கால் விரதம்

அர்கிரோ அக்கா அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சதுக்கத்தைக் கடந்து வருவதைப் பார்த்ததும், மெனெலாஸ் தன் பஸ்ஸுக்கு அடியில் புகுந்துகொண்டார்.

"மெனெலாஸு, அங்க என்ன பண்றே?"

"எண்ணெய் ஒழுகுதுக்கா."

"அஞ்சு நிமிஷம் வெளிய வா. காலை அளந்துட்டுப் போயிடறேன்."

"கையெல்லாம் கிரீஸு. அடுத்த வாரம் நானே வரேன்."

அக்கா சற்று நேரம் நின்று பார்த்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களையாவது அளக்கலாமா என்று யோசித்தாரோ என்னவோ, மெனெலாஸ் அவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டார். பஸ்ஸில் எண்ணெய் ஒழுகவில்லை. ஒழுகிக்கொண்டிருந்தது அவருடைய தைரியம்தான்.

லிகோரேமா மலையூரில் வருஷத்துக்கு ஒரு நாள், நாட்டின் விடுதலைத் திருநாளான மார்ச் இருபத்தைந்தாம் தேதி, கோயில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து தளபதி கரகூனிஸின் உடையை வெளியே எடுப்பார்கள். துருக்கியரை மலைப்பாதையில் மறித்து விரட்டிய மனிதர். அவர் உடுத்திய அதே உடையை மாட்டிக்கொண்டு ஒருவர் கொடியோடு முன்னே நடக்க, ஊரே பின்னால் நடக்கும். உடையில் ஒரு சங்கடம் உண்டு. கொசுவம் கொசுவமாக விரியும் வெள்ளைப் பாவாடை முழங்காலோடு நின்றுவிடும். அதற்குக் கீழே, பொன்சரிகை வைத்த கம்பளிக் காலுறையைக் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடித்துப் பின்பக்கம் கொக்கி மாட்டுவார்கள். ஊர்வலத்தில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லாக் கண்ணும் அந்தக் காலுறை மேல்தான்.

கசாப்புக்கடை ஃபோதிஸ்தான் வருஷக்கணக்காக அதை மாட்டிக்கொண்டு நடந்தவர். அவர் கெண்டைக்கால்கள் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போல உப்பி நிற்கும். அவர் அடி வைக்கும்போது சரிகை மின்னுவதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அப்படிப்பட்டவர் இந்த வருஷம் முட்டி வலி என்று ஒதுங்கிவிட்டார். பஞ்சாயத்துத் தலைவரும் பாதிரியாரும் உடையைப் பராமரிக்கும் தையற்காரி அர்கிரோ அக்காவும் கூடிப் பேசி, பஸ் டிரைவர் மெனெலாஸின் பெயரை அறிவித்தார்கள். ஏன் அவர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மெனெலாஸை அதுவரை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பந்தாட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போதுகூட அவரை எந்தப் பக்கமும் கேட்காது. ஆள் குறைந்த பக்கம், மீந்து நின்ற அவரை எடுத்துக்கொள்ளும். அதனால் பெயரைக் கேட்டதும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்க் கால்சட்டையைச் சுருட்டிக் கண்ணாடி முன்னால் நின்றபோது வேறு விதமாகக் கலங்கியது. முட்டிக்குக் கீழே எலும்பும் தோலும்தான் இருந்தன. ஃபோதிஸ் கால் நிறைத்த உறைக்குள் தன் காலை விட்டால் வாளிக்குள் துடைப்பத்தைப் போட்ட மாதிரிதான் இருக்கும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மறுநாள் காபிக்கடையில் ஒருவன், இந்த வருஷம் நாரை சீக்கிரமே வந்துவிட்டது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மெனெலாஸும் சிரித்து வைத்தார்.

அன்றைக்கே முடிவு கட்டினார். கெண்டைக்காலில் சதை வைக்கும்வரை அர்கிரோ அக்காவின் நாடாவுக்குக் காலைக் காட்டுவதில்லை. அக்கா நல்லவர்தான். ஆனால் அவர் கை எவ்வளவு வேகமாகத் தைக்குமோ அதைவிட வேகமாக வாய் ஓடும்.

கெண்டைச்சதைக்குப் படிக்கட்டுதான் மருந்து என்று எங்கோ கேட்டிருந்தார். முன்பாதத்தைப் படி விளிம்பில் ஊன்றி, குதிகாலைக் கீழே இறக்கி, பிறகு நுனிக்காலில் எழும்ப வேண்டும். வீட்டில் செய்தால் மனைவி ஹரிக்லியா கேள்வி கேட்பாள். அதனால் விடியற்காலையில் குன்றின் மேலிருக்கும் சிறுகோயில் படிக்குப் போனார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மூடிய கோயில் கதவைப் பார்த்தபடி, வலி தாங்காமல் கண்ணீர் வழிய, எழும்பி எழும்பி இறங்கினார்.

பூசைக்கு வந்த பெண்கள் இதைப் பார்த்தார்கள். கதவைப் பார்த்து அழுதுகொண்டே ஆடுகிறவன் எதற்காக ஆடுவான்? பாவத்துக்குப் பரிகாரம்தான். என்ன பாவம் என்பதைப் பேசி முடிவு செய்ய அவர்களுக்கு ரொட்டிக்கடை வாசல் போதுமானதாக இருந்தது. ஹரிக்லியா ரொட்டி வாங்கப் போனபோது இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள்.

"யார் அவ?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

உண்மையைச் சொல்ல மெனெலாஸுக்கு வெட்கமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"வேண்டுதல். உங்க அம்மா உடம்பு நல்லா இருக்கணும்னு."

ஹரிக்லியா உருகிப்போனாள். உடனே தன் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். மறுநாள் மாலை மெனெலாஸ் ஓட்டி வந்த பஸ்ஸிலேயே மாமியார் பெட்டியோடு வந்து இறங்கினார். எனக்கு என்ன வியாதி, டாக்டர் உங்களிடம் மட்டும் என்ன சொன்னார், மறைக்காமல் சொல்லுங்கள் மாப்பிள்ளை என்று கேட்டவர், அவர் ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்யச் செய்யப் பெரிய வியாதிதான் என்று உறுதி செய்துகொண்டார். மாடிப்படிக்கு எதிரே கட்டிலைப் போடச் சொல்லிப் படுத்தும்விட்டார். இனிக் குன்றுக்குப் போனாலும் பேச்சு, வீட்டுப் படியில் ஏறினாலும் பேச்சு.

மெனெலாஸ் விடுகிறவராக இல்லை. பயிற்சியைப் பஸ்ஸுக்கு மாற்றினார். கிளட்சை நுனிக்காலால் அழுத்தி, மெல்ல விட்டு, மறுபடி அழுத்தினார். நேரான சாலையில்கூடக் கியர் மாற்றினார். பஸ் மலைப்பாதையில் விக்கல் எடுத்தபடி போனது. முட்டைக்கூடை ஒன்று கவிழ்ந்தது. எந்த வளைவிலும் கலங்காத கிழவர்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். ஆனால் பலன் தெரிந்தது. சில வாரங்களில் கெண்டைக்கால் கல்லு மாதிரி திரண்டது, இடது காலில் மட்டும். வலது கால் பழைய நாரைக் காலாகவே இருந்தது. முன்பு இரண்டு காலும் ஒத்துப்போயிருந்தன. இப்போது அந்த ஆறுதலும் போயிற்று.

வேறு வழியில்லாமல் ஃபோதிஸிடம் போனார். ஈஸ்டர் நோன்புக் காலம், ஊரில் யாரும் இறைச்சி தொடமாட்டார்கள். கடையைச் சாத்திவிட்டு ஃபோதிஸ் வாசல் நாற்காலியில் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். மெனெலாஸ் இரண்டு கால்சட்டைக் கால்களையும் சுருட்டிக் காட்டி விஷயத்தைச் சொன்னார். ஃபோதிஸ் குனிந்து இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அர்கிரோ அக்கா ஒண்ணும் சொல்லலையா?"

"அவங்ககிட்ட நான் கால் காட்டலை."

"காட்டவே இல்லையா?"

"சதை வைக்கட்டும், அப்புறம் காட்டறேன்."

ஃபோதிஸின் விரலில் மணி நின்றது. கோயில் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"நிஜமாவே பெரிசாக்கணுமா?"

"உங்க கால் மாதிரி."

"அப்பச் சரி" என்று எழுந்தார் ஃபோதிஸ். முட்டி வலிக்காரர் எழுந்த வேகத்தைப் பார்த்து மெனெலாஸுக்கே ஆச்சரியம்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபோதிஸ் மாதிரி மனம் விட்டுக் கற்றுக்கொடுக்கிறவர் கிடைக்கமாட்டார். முழங்காலை நீட்டி எழும்பினால் வெளியே தெரிகிற சதை வளரும், மடக்கி எழும்பினால் அதற்கு அடியிலிருக்கிற சதை வளரும், இரண்டும் சேர்ந்தால்தான் பார்க்க லட்சணம் என்றார். வலது காலுக்கு இரண்டு பங்கு வேலை கொடுத்தார். தீவன மூட்டையைத் தோளில் ஏற்றி ஆட்டுப்பாதையில் நுனிக்காலாலேயே நடக்க வைத்தார். மெனெலாஸ் பாதி வழியில் உட்கார்ந்து தசைப்பிடிப்பில் அலறும்போது, பக்கத்தில் மண்டியிட்டுத் தன் கையாலேயே நீவிவிட்டார். தளபதிக்காகச் செய்கிறோம், விடாதே என்றார். மெனெலாஸும் விடவில்லை. தனக்காக இவ்வளவு மெனக்கெடும் மனிதரை இத்தனை நாள் வெறும் கசாப்புக்காரர் என்று நினைத்துவிட்டோமே என்று வருந்தினார்.

பருப்பு தின்று சதை வளராது என்று சொல்லி, சாத்திய கடைக்குள் வைத்து ஈரலும் வறுத்துக் கொடுத்தார் ஃபோதிஸ். அங்கேதான் கெட்டது. வீட்டில் எல்லோருக்கும் பீன்ஸ் சூப். மெனெலாஸ் வாயைத் திறந்து சாப்பாட்டு ஜெபம் சொன்னதும் கட்டிலில் இருந்த மாமியார் மூக்கைத் தூக்கினார். தன் உயிருக்காக வேண்டுதல் வைத்த மாப்பிள்ளை நோன்பு நாளில் ஈரல் தின்றுவிட்டு வந்திருக்கிறான் என்பது புரிந்ததும், தன் கதை முடிந்தது என்று பாதிரியாரைக் கூட்டி வரச் சொல்லி அழ ஆரம்பித்தார்.

வேறு வழியில்லை. மெனெலாஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். படிக்கட்டு, கிளட்ச், ஈரல் எல்லாவற்றையும். மாமியார் அழுகையை நிறுத்தினார். வியாதி இல்லை என்றதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரிதான் தெரிந்தது. ஹரிக்லியாதான் கணவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷம் அந்தக் காலோடதானே குடும்பம் நடத்தறேன். நான் எப்பவாவது ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லலை."

"அப்புறம் என்ன?"

"நீ பாக்கறது வேற, ஊரு பாக்கறது வேற. முதல் தடவையா என்னைக் கூப்பிட்டிருக்காங்க, ஹரிக்லியா. தப்பான ஆளைக் கூப்பிட்டுட்டோம்னு அவங்க நினைச்சுடக் கூடாது."

அவள் போய்த் தைலத்தை எடுத்து வந்து அவர் காலில் தேய்த்தாள். தேய்க்கும்போது, அர்கிரோ அக்கா வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், ஒரே ஒரு தடவை போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வாயேன் என்றாள். பயிற்சி முடியட்டும் என்றார் மெனெலாஸ்.

அர்கிரோ அக்கா பொறுமை இழந்துவிட்டார். ஊர்வலத்துக்கு முந்தைய வாரம் டவுனுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, டிரைவருக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்தார். மடியில் நாடா இருந்தது.

"நிறுத்து. அளந்துக்கறேன்."

"வளைவுல நிறுத்தக் கூடாதுக்கா."

"டவுன்ல நிறுத்துவே இல்ல?"

"இறங்கினா பஸ் உருளும். பிரேக்குல காலை வெச்சுட்டேதான் இருக்கணும். பழைய வண்டி."

"மெனெலாஸு, ஒரு விஷயம் சொல்லணும். முக்கியமானது."

"சொல்லுங்கக்கா."

அக்கா திரும்பிப் பார்த்தார். பஸ் நிறைய ஆட்கள். முட்டைக்காரி காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள்.

"இங்க சொல்ற விஷயமில்ல. இறங்கி வா."

மெனெலாஸ் இறங்கவில்லை. அக்கா டவுன்வரை போய், அதே இருக்கையில் திரும்பி வந்து, சதுக்கத்தில் இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டார்: உன் கால் பழையபடிதானே இருக்கிறது? அந்தக் கேள்வி மெனெலாஸின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்று மாலை ஃபோதிஸிடம் தன் தோளில் இரண்டு மூட்டை ஏற்றச் சொன்னார்.

மார்ச் இருபத்தைந்து. வெளியே பேண்டு வாத்தியம் முழங்கத் தொடங்கிவிட்டது. வீடுகளிலிருந்து கருவாட்டுப் பொரியலும் பூண்டுத் துவையலும் மணத்தன. கோயில் பின்னறையில் மெனெலாஸ் வெள்ளைச் சட்டையும் கொசுவப் பாவாடையும் சரிகை மேலங்கியும் உடுத்தி நின்றார். பாதிரியார் கொடியோடு காத்திருந்தார். ஃபோதிஸும் வாழ்த்துச் சொல்ல வந்து கதவோரம் நின்றார். எல்லோரும் பார்க்கும்படி மெனெலாஸ் மெல்லத் திரும்பி, நுனிக்காலில் ஒரு தடவை எழும்பிக் காட்டினார். காலோடு ஒட்டிய வெள்ளை உள்ளுடைக்குள் இரண்டு கெண்டைக்காலும் ஒரே அளவில் உருண்டு திரண்டு எழுந்து நின்றன. இவ்வளவு நாள் பட்ட வலியெல்லாம் அவருக்கு அந்த நொடியில் இனித்தது. தன்னைக் கூப்பிட்டவர்களை ஏமாற்றவில்லை என்று நினைத்தபடி இன்னொரு தடவை எழும்பினார்.

பாதிரியாரின் வாய் திறந்தபடியே நின்றது. பாராட்டுகிறார் என்று மெனெலாஸ் நினைத்துக்கொண்டார்.

அர்கிரோ அக்கா தரையில் உட்கார்ந்து, பட்டுத்துணியைப் பிரித்துத் தளபதியின் காலுறையை எடுத்தார். மெனெலாஸின் காலைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. மெனெலாஸைக் குதிகால் ஊன்றச் சொன்னார். மூச்சை இழுக்கச் சொன்னார். பாதிரியாரை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். இடைவெளி மூன்று விரலானது, அதற்கு மேல் அசையவில்லை. அக்கா கையை எடுத்துவிட்டு, கட்டை விரலால் அந்தச் சதையை அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போகவில்லை.

"யார் பண்ணது இது?"

மெனெலாஸ் பெருமையோடு கதவோரம் கை காட்டினார். ஃபோதிஸ் கூரையில் வரைந்திருந்த புனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா காலுறையை மடியில் போட்டுக்கொண்டு, மெனெலாஸைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"போன வருஷம் இவன் காலைத் திணிச்சுக் கிழிச்சதை, ஊருக்குத் தெரியாம வெட்டித் தைச்சதுல இது பாதியாக் குறுகிப்போச்சு, மெனெலாஸு, ஊர்ல எல்லார் காலையும் பாத்துட்டு, உன் கால் மட்டுந்தான் இதுக்குள்ள நுழையும்னுதானே உன்னைக் கூப்பிட்டோம்."