சிங்கத்திடம் பெயர் கேட்ட சிஸ்டர்

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாகவும் நரி அதற்குச் செயலாளராகவும் இருந்தன. எல்லாக் காட்டிலும் இருப்பதுதான். இந்தக் காட்டில் கூடுதலாக ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே நர்ஸ் வேலைக்குச் சேர வேண்டுமென்றால் பரீட்சையில் தேற வேண்டும்.

தில்லைவாணி என்றொரு கீரி அந்தப் பரீட்சைக்காக உயிரைக் கொடுத்துப் படித்தது. மாதிரி வினாத்தாள் எங்கே கிடைத்தாலும் விடாது. "ஒரே நேரத்தில் பல நோயாளிகள் வந்தால் முதலில் யாரைப் பார்ப்பாய்?" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், "மூச்சுத் திணறுகிறவரை" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். "மருந்து கொடுக்குமுன்?" என்றால், "பேர் கேட்கணும், எந்த மருந்து ஒத்துக்காதுன்னு கேட்கணும்" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லும். பாவம், வினாத்தாளில் வருகிற நோயாளிகள்தான் ஆஸ்பத்திரிக்கும் வருவார்கள் என்று அது நம்பிக்கொண்டிருந்தது.

செய்முறைத் தேர்வு வார்டிலேயே நடந்தது. தேர்வாளர் ஒரு கூழைக்கடா. மதிப்பெண்களையெல்லாம் தாடைப் பைக்குள் போட்டு வைத்திருப்பதுபோல் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது. தில்லைவாணியின் முறை வந்தபோது, மலச்சிக்கலால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், மூச்சு இழுக்க முடியாமல் உதடு நீலம் பாரித்துப்போன ஒரு சருகுமான். அந்த நேரம் பார்த்து, முன்னங்காலில் முள் குத்திய ராஜாவும் நரியோடு உள்ளே வந்தது.

வார்டே எழுந்து நின்றது. எழ முடியாதவை எழுந்ததாகப் பாவனை செய்தன. கீரி மட்டும் நேராகச் சருகுமானிடம் ஓடியது. அதை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்சிஜன் மாட்டி, "மெதுவா இழுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தது. மானின் உதட்டில் நிறம் திரும்பியபோது கீரிக்கு அழுகையே வந்துவிட்டது. இது பரீட்சை என்பதுகூட மறந்துபோயிற்று.

நரி அதை நினைவுபடுத்தியது. "ராஜா காத்துக்கிட்டிருக்கார்."

கீரி ஊசியோடு வந்தது. "உங்க பேர் என்னங்க?"

கரடிகூட முனகுவதை நிறுத்தியது.

"என் பெயரையா கேட்டாய்?" என்றது சிங்கம்.

"ஆமாங்க ராஜா. ஆள் மாறிடக் கூடாது பாருங்க. ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"

"எனக்குக் கேள்வி ஒத்துக்காது."

"சொன்னாத்தாங்க ஊசி போட முடியும்" என்றது கீரி. வாலைக் காலிடுக்கில் சுருட்டிக்கொண்டது. ஊசியை மட்டும் கீழே வைக்கவில்லை.

கூழைக்கடா வாயைத் திறந்தது. "பூஜ்யம். அடுத்து!"

அடுத்து வந்தது செண்பகவல்லி என்ற மயில். அது யார் பெயரையும் கேட்கவில்லை. தோகையை விரித்து ஒரு கும்பிடு போட்டு, கைக்கு எட்டிய கோப்பையைப் பணிவோடு நீட்டியது. அது கரடிக்காகக் கலக்கி வைத்திருந்த பேதி மருந்து. "மரியாதை தெரிந்த பிள்ளை" என்று சொல்லி, சிங்கம் அதை ஒரே மடக்கில் குடித்தது. மயிலுக்கு முழு மதிப்பெண்.

மறுநாள் ராஜா சபைக்கு வரவில்லை. "ஆற்றங்கரைப் புதர்களை ராஜா ஒவ்வொன்றாக நேரில் ஆய்வு செய்கிறார்" என்று நரி அறிவித்தது. ஆய்வு முடிந்து திரும்பிய சிங்கத்துக்குத் தொப்பை கரைந்திருந்தது. "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்றது ராணி. அவ்வளவுதான், மயில் தலைமை நர்ஸ் ஆகிவிட்டது. அமைச்சர்களெல்லாம் அதே மருந்தைக் கேட்டு வரிசையில் நின்றன. காட்டில் புதர் போதவில்லை. கரடி மட்டும் வயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தது. மருந்து தீர்ந்துவிட்டதாம்.

கீரி சருகுமானைத் தேடிப் போனது. "எனக்காக ஒரு வார்த்தை சொல்லணும். உங்க உயிரைக் காப்பாத்தத்தான் தாமதமாச்சுன்னு."

மான் அக்கம்பக்கம் பார்த்தது. "சிஸ்டர், உங்க புண்ணியத்துலதான் மூச்சு விடுறேன். ராஜாவுக்கு முன்னாடி என்னைக் கவனிச்சீங்கன்னு தெரிஞ்சா, அந்த மூச்சையும் விட விடமாட்டாங்க. என் குட்டிங்க சின்னதுங்க."

கீரிக்குக் கோபம் வரவில்லை. மான் பொய் சொல்லியிருந்தால் வந்திருக்கும்.

அடுத்த முறை பரீட்சையில் பழைய கேள்வியே வந்தது: மருந்து கொடுக்குமுன் முதலில் செய்ய வேண்டியது என்ன? விடைகளில் மட்டும் ஒன்று புதிதாக முளைத்திருந்தது: காலில் விழுவது. கீரி நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதையே குறித்தது. பாஸ். தற்காலிக நர்ஸ் வேலையும் கிடைத்தது.

இதற்கிடையில், தன் மருந்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களென்று கரடி போட்ட கூச்சல் தாங்காமல், ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் காலில் சீட்டுக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பெயரும், ஒத்துக்காத மருந்தும் அதில் இருக்கும். ராஜாவிடம் கேட்க யாருக்கும் தைரியமில்லாததால் ராணி சொல்லச் சொல்ல எழுதிக் கட்டினார்கள். ஆம், ராஜா மறுபடி வந்திருந்தது. அந்தப் பேதி அமர்க்களத்தில் முள்ளை யாரும் எடுக்கவில்லை. கால் சீழ் பிடித்து வீங்கியிருந்தது.

"பென்சிலின் ஊசி. கேள்வி எதுவும் கேட்காமப் போடு" என்று மயில் தட்டை நீட்டியது.

கீரி தடாலென்று சிங்கத்தின் காலில் விழுந்தது. மூக்குக்கு நேரே சீட்டு. பென்சிலின் ஒத்துக்காது, மூச்சடைக்கும் என்று எழுதியிருந்தது. கீரி எழுந்திருக்காமலே மயிலுக்குச் சீட்டைச் சுட்டிக் காட்டியது. மயிலின் தோகை சுருங்கியது. பறக்காத குறையாக டாக்டர் ஆந்தையிடம் ஓடி, வேறு ஊசி எழுதி வாங்கி வந்தது. அதுவரை கீரி விழுந்தது விழுந்தபடியே கிடந்தது.

சிங்கத்துக்கு ஊசி குத்தியதே தெரியவில்லை. கண் கலங்கிப்போய் நரியைக் கூப்பிட்டது. "எத்தனையோ பேர் என் காலில் விழுந்திருக்கிறார்கள். இவ்வளவு நேரம் யாரும் கிடந்ததில்லை. இந்தப் பிள்ளையை நிரந்தரமாக்கு."

நீதி: நோயாளியின் பாதுகாப்புக்காகக் காலில் விழுங்கள், வேலையின் பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்ச நேரம் கிடங்கள்.