அரைஸ்டாரும் ஆடுகிற பெஞ்சும்

உண்மையைச் சொல்லியே ஒரு ஜீப் ஸ்டாண்டை மொத்தமாகப் பட்டினி போட்ட மனிதன் இந்த உலகத்தில் ஒருவன்தான். அவன் எங்கள் சூரியநெல்லிக்காரன். பெற்றவர்கள் வைத்த பேர் எனக்கே மறந்துவிட்டது. ஊருக்கு அவன் அரைஸ்டார்.

முதுகுவலி வந்து எழுத்து வேலைக்கு ஒதுங்கும் முன்னால் நானும் அவனோடு ஜீப் ஓட்டியவன்தான். விடியுமுன் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு கொழுக்குமலைக்குப் போவோம், சூரியனைக் காட்டுவோம், எலும்பெல்லாம் இடம் மாறியபின் கீழே இறக்கிவிடுவோம். மிச்ச நேரத்தில் நாங்கள் தூங்குவோம். அரைஸ்டார் மட்டும் போனில் பிளாக் எழுதுவான். பேர் 'தின்னவன் சொல்றேன்'. பள்ளிவாசல் ஊரிலிருந்து சின்னக்கானல் வரைக்கும் இலை போடுகிற இடத்திலெல்லாம் காசு கொடுத்துத் தின்பான். தின்றதை எழுதி ஸ்டார் போடுவான். பெரும்பாலும் அரை.

டீக்கடை வடைக்கு அவன் எழுதியது: "கடித்தேன். வடையும் உடையவில்லை, பல்லும் உடையவில்லை. ஆட்டம் டிரா." கோயில் திருவிழாப் பொங்கலுக்கு: "அம்மனுக்குப் பொறுமை அதிகம்." இதெல்லாம் ஊர் விஷயம், போகட்டும். பாவி, என் கல்யாணச் சாப்பாட்டையும் விட்டுவைக்கவில்லை. "மாப்பிள்ளை என் உயிர் நண்பன். சாம்பாருக்கு அது தெரியவில்லை. அரை ஸ்டார், அதுவும் அப்பளத்துக்கு." என் மாமனார் இன்றைக்கும் அப்பளத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"ஏலே, கொஞ்சம் பாத்து எழுதப்படாதா?" என்று சண்டைக்குப் போனேன்.

"சாம்பார் நல்லாருந்துச்சா?"

"நல்லால்லதான்."

"பெறகு என்னல?"

எந்தச் சண்டையையும் அவன் இந்த 'பெறகு என்னல'வோடுதான் முடிப்பான்.

சனியன் பிடித்தது ஒரு ஓட்டலில். பேர் வேண்டாம். டூரிஸ்டைக் கூட்டிக்கொண்டு வருகிற டிரைவருக்கு ஓட்டல்காரர் சும்மா சோறு போடுவது இங்கே வழக்கம். முன் ஹாலில் டூரிஸ்ட் மெனு கார்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். அடுப்படிக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் நாங்கள் இருப்போம். எங்களுக்குச் சமைப்பது கனகம் அக்கா. அக்கா வைக்கிற மத்திக் குழம்பு இருக்கிறதே, அதற்காகவே பசிக்காத டூரிஸ்டையெல்லாம் "உங்களுக்குப் பசிக்குது சார்" என்று சொல்லி நான் அழைத்துப்போயிருக்கிறேன். அரைஸ்டார் மட்டும் அங்கேயும் காசை வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். "சும்மா தின்னா நாக்கு நன்றி சொல்லும்ல, ருசி சொல்லாது" என்பான்.

ஒருநாள் எழுதித் தொலைத்தான். "முன் ஹால் குருமா: மெனு கார்டு மாதிரியே பளபளப்பு, ருசியும் அதே. அரை ஸ்டார். பின்பக்கம் டிரைவர்களுக்குப் போடும் மத்திக் குழம்புச் சோறு: நாலரை ஸ்டார். பெஞ்சு ஆடுவதால் அரை குறைத்தேன்."

அவன் நாலரை போட்டு யாரும் பார்த்ததில்லை. அந்த வாரமே டூரிஸ்ட் கூட்டம் பின்வாசலுக்குத் திரும்பிவிட்டது. "டிரைவருக்கு மட்டும்தான்" என்று முதலாளி கையை விரித்துப் பார்த்தார். மறுநாள் அரைக்கால் டவுசருக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் வந்து நின்றார்.

"நானும் டிரைவர்தானுங்க. கோயமுத்தூர்ல இருந்து நான்தானுங்க ஓட்டிட்டு வந்தேன்." லைசென்ஸை வேறு நீட்டினார்.

பின்னாலேயே நின்ற அவர் மனைவியிடம் முதலாளி கேட்டார். "நீங்க?"

"கிளீனருங்க."

"அந்தப் பெரியம்மா?"

"அவங்களும் கிளீனர்தானுங்க. என்ற மாமியாருங்க."

ஸ்டாண்டில் காக்கிச் சட்டைக்கு ஏகக் கிராக்கி. கொடியில் காயப்போட்ட என் சட்டை காணாமல் போய், தேடிப் பார்த்தால், பெஞ்சில் ஒரு பல் டாக்டர் அதைப் போட்டுக்கொண்டு மத்திக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி யோசித்தார். முன்னால் 'டிரைவர் ஊண் ரெடி' என்று போர்டு வைத்துவிட்டார். மத்திக் குழம்பு முன் ஹாலுக்குப் போய், பளபளக்கும் குருமா எங்களுக்கு வந்தது. வயிறு எரிந்தது ஐயா, கோபத்தில் பாதி, குருமாவில் பாதி.

ஸ்டாண்டில் கூட்டம் போட்டோம். எழுதினதை அழிக்கிற வரைக்கும் அரைஸ்டாருக்கு டர்ன் கிடையாது என்று முடிவானது. டர்ன் இல்லையென்றால் டிரிப் இல்லை. டிரிப் இல்லையென்றால் தவணை கட்ட முடியாது, ஜீப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது அவனுக்கும் தெரியும்.

"அழிச்சிருல. ஒரு பட்டன்தான?" என்று நான் கெஞ்சினேன்.

"கொழம்பு நல்லாருந்துச்சா இல்லையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு, அதான எழவே!"

"பெறகு என்னல?"

தினமும் விடியுமுன் வந்து வரிசைக்குக் கடைசியில் வண்டியைப் போடுவான். கண்ணாடியைத் துடைப்பான். எங்கள் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது "பாத்துப் போங்கலே, மேல மஞ்சு மூடியிருக்கு" என்று கை காட்டுவான். எனக்கு அவனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து முன் ஹாலில் வரிசையில் நின்று, அந்த டிரைவர் ஊணை வாங்கித் தின்றுவிட்டு எழுதினான். "கனகம் அக்கா பத்துப் பேருக்கு வைத்தால் குழம்பு. இருநூறு பேருக்கு வைக்கச் சொன்னால் மஞ்சள் வெந்நீர். அக்கா மேல் தப்பில்லை. அரை ஸ்டார்."

எங்களுக்காக எழுதினானா என்றால் அதுவும் இல்லை. "தின்னேன், சொன்னேன்" என்றான், அவ்வளவுதான். வந்த கூட்டம் வந்த வேகத்தில் கரைந்தது. போர்டு இறங்கியது. குழம்பு பின்பக்கம் திரும்பிய முதல் நாள் நாங்கள் பாய்ந்து போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கனகம் அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பய எங்க?"

"அவன் எதுக்குக்கா? ஒன் கொழம்ப வெந்நீர்னு எழுதுனவன்."

"வெந்நீராத்தான இருந்துச்சு? எரநூறு பேருக்குக் கிண்டிக் கிண்டி எங்கை வீங்கிக் கெடந்துச்சே, ஒருத்தனாவது ஏன்னு கேட்டியளா? எம்மேல தப்பில்லனு அவந்தான எழுதுனான்? அவன் வராம ஒரு பயலுக்கும் சோறு கெடையாது."

ஓடிப்போய் நான்தான் கூட்டி வந்தேன். நாளைக்கு முதல் டர்ன் உனக்குத்தான் என்று வழியிலேயே சொல்லிவிட்டேன். வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். பெஞ்சு ஒரு பக்கம் சாய, எல்லாரும் இலையைப் பிடித்துக்கொண்டோம். தின்றான், காசை வைத்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு "காரம்" என்றான்.

அன்றைக்கு அவன் பிளாக்கில் ஓட்டல் பேர் இல்லை, ஊர் இல்லை, தின்றது என்ன என்றும் இல்லை. வெறும் அஞ்சு ஸ்டார். எந்தக் கடை, எந்தக் கடை என்று இன்றைக்கும் அதற்குக் கீழே கமென்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்களில் ஒருத்தனும் வாயைத் திறந்ததில்லை.

போன மாதம் அங்கே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் ரசம் என் மடியில் கவிழ்ந்தது.

"ஏலே, பெஞ்சு இன்னும் ஆடுதேல! அஞ்சு எப்பிடிப் போட்ட?"

அவன் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "பேசாம சோத்தத் தின்னுல" என்றான்.

பொய்யே எழுதத் தெரியாதவன் எழுதிய ஒரே பொய் அந்தக் கடைசி அரை ஸ்டார்தான். அதை அவன் எங்களுக்குப் போட்டான்.