நீலமூடிக் குழாய்

"ஏனுங்க, ஃபிரிட்ஜ் கதவுல நீலமூடி போட்ட சின்னக் குழாய் ஒண்ணை உட்டுட்டு வந்துட்டேன். அது இல்லாட்டி என்ற ஆராய்ச்சியே போச்சு. உடனே கொண்டாங்க!"

சேலத்துக் கல்லூரியிலிருந்து பேசிய மலர்விழி, கணவன் வளவன் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள். அவளுடைய சோதனையை நேரில் பார்க்க வெளியூர்ப் பேராசிரியர் வந்திருந்தார்.

சங்ககிரியில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் வளவனுக்கு அந்தச் சரக்கு புதிதல்ல. டைரோசின் பாஸ்பட்டேஸ். தினமும் சாப்பாட்டோடு அந்தப் பாடத்தையும் சேர்த்துத்தான் பரிமாறுவாள்.

"புரதத்து மேல பாஸ்பேட் ஒட்டுனா, செல்லுக்கு 'வளரு'ன்னு சேதி போவும். இந்த நொதி அதைக் கழட்டிச் சேதியை நிறுத்தும். நிறுத்தாட்டிப் புத்துநோய். இன்சுலின் சேதியை ரொம்ப நிறுத்திட்டாச் சர்க்கரை. ஆனா பாவம், சூடு பட்டாச் செத்துரும்."

அந்தக் கடைசிப் பேச்சு வளவனுக்கு நினைவு வந்தது. டிபன் பாக்சில் ஐஸ்கட்டி நிரப்பி, குழாயைப் புதைத்து, வண்டியை விரட்டினான்.

மகுடஞ்சாவடியில் திறந்து பார்த்தால் வெறும் தண்ணீர். மீன்கடையில் நிறுத்தினான்.

"ஐஸ் மட்டும் போடுங்ணா."

"மீனு வேண்டாமுங்களா?"

"உள்ள வேற உசுரு இருக்குதுங்க."

மீன் வாசத்துக்கு நாய்கள் துரத்தின. காலைத் தூக்கியவன் பள்ளத்தைக் கவனிக்கவில்லை. டப்பா எகிறி, குழாய் கொதிக்கும் தார்ரோட்டில் உருண்டு, ஒரு லாரிச் சக்கரத்துக்கு மயிரிழையில் தப்பியது. எடுத்தபோது கை சுட்டது. பெட்டிக்கடையில் இருந்த திராட்சை ஐஸையெல்லாம் வாங்கி டப்பாவில் திணித்து, குழாயை அதற்குள் செருகினான்.

ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தவன் மேல் மீனும் திராட்சையும் சேர்ந்து மணத்தன. மலர்விழி குழாயைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். குழாய் ரோட்டில் உருண்டதை அவன் சொல்வதற்குள் கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தான். வரிசையாக இருந்த குழிகளில் ஒவ்வொரு குழாயிலிருந்தும் அவள் சொட்டு விட்டாள். நொதி உயிரோடிருந்தால் மஞ்சளாகும் என்று அவள் சொல்லியிருந்தபடியே, ஒவ்வொன்றாக மஞ்சளாயின. நீலமூடிக் குழாயிலிருந்து விட்டது மட்டும் நிறம் மாறாமல் வெறும் தண்ணீராகவே கிடந்தது.

"நாந்தான் கொன்னுட்டேன்," என்று சுவரோடு சரிந்தான்.

உள்ளே பேராசிரியர் எழுந்து மலர்விழிக்குக் கை கொடுத்தார்.

வளவன் திருதிருவென விழித்தான். "அது மஞ்சளே ஆவலியே புள்ள?" என்று வெளியே வந்த ஆய்வு மாணவி மஞ்சுளாவைக் கேட்டான்.

"ஆயிருந்தாத்தானுங்ணா வம்பு! ஒப்பிட்டுப் பாக்கறதுக்குச் செத்தது ஒண்ணு வேணும்னு, அதை அக்கா நேத்தே கொதிக்க வெச்சுக் கொன்னுட்டாங்க!"